ஒரே மாடல் இரண்டு, ஒன்று மட்டும் ஹேங்: டர்பனில் ஒரு வொர்க்ஸ்டேஷன் வாரண்டி கேஸ்

மொபைல் வொர்க்ஸ்டேஷன் லேப்டாப்புக்கு (கனமான வரைபட வேலைக்கான லேப்டாப்) எந்த டிரைவர் (ஹார்டுவேரை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) போடுவது என்பது ஒரு பேச்சு, வாரண்டியில் ரிப்பேர் வாங்குவது இன்னொரு பேச்சு என்றுதான் பலரும் வைத்திருக்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே பேச்சு. எந்த டிரைவர், எங்கிருந்து எடுத்தது, எப்போது போட்டது என்று சொல்ல முடியாத மெஷினைத் தூக்கிக்கொண்டு வாரண்டி கேட்கப் போனால், "டிரைவரை அப்டேட் பண்ணிப் பாருங்க, பயாஸை அப்டேட் பண்ணிப் பாருங்க, விண்டோஸைத் திரும்பப் போட்டுப் பாருங்க" என்பதிலேயே மாதம் ஓடிவிடும், அதற்குள் சட்டம் கொடுக்கிற கெடுவும் முடிந்துவிடும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு அலுவலகத்தில் நடந்ததை முழுதாக எழுதுகிறேன். டிரைவர், கரண்ட், போர்டு, சட்டம் என்று எல்லாமே இதில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

சாட்ஸ்வர்த்தில் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிங் அலுவலகம். அதை நடத்துகிற அண்ணன் திருநெல்வேலிக்காரர், பல வருஷமாக இங்கேதான் இருக்கிறார், கம்பெனி எதுவும் பதியாமல் சொந்தப் பெயரிலேயே தொழில் செய்கிறார் (இது பின்னால் முக்கியமாக வரும்). கட்டட வரைபட மென்பொருள்களான ரெவிட்டிலும் ஆட்டோகேடிலும் வரைவது சாட்ஸ்வர்த்திலேயே பிறந்து வளர்ந்த ஒரு அக்கா. இருவருக்கும் ஒரே மாடல் லேப்டாப், ஒரே பில்லில் வாங்கியவை, மூன்று வருஷம் ஆன்சைட் வாரண்டி (டெக்னீஷியன் நம் இடத்துக்கே வருவார்). தொழில்முறை கிராஃபிக்ஸ் கார்டு உள்ளது, 230 வாட் அடாப்டர், கூடவே ஆளுக்கு ஒரு டாக் (மானிட்டர், கரண்ட் எல்லாவற்றையும் ஒரே கேபிளில் லேப்டாப்போடு கோர்க்கும் பெட்டி). அந்த மாதிரி அலுவலகங்களின் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். லேப்டாப் தயாரித்த கம்பெனி, விற்ற கடை இரண்டின் பெயரும் இங்கே வேண்டாம். இது எந்தக் கம்பெனி மெஷினிலும் நடக்கக்கூடியது.

நான்காவது மாதத்தில் அக்காவின் மெஷின் மட்டும் தகராறு பண்ண ஆரம்பித்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நான்கு மாடிக் கட்டடத்தின் 3டி வியூவை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கிறார், திடீரென்று ஸ்கிரீன் கருப்பாகிறது, ஃபேன் சத்தம் ஏறுகிறது, இரண்டு மூன்று விநாடியில் படம் திரும்பி வருகிறது, ஆனால் ரெவிட் ஜன்னலில் பாதி வெள்ளையாக இருக்கிறது, அப்புறம் எங்கே கிளிக் பண்ணினாலும் அசைவில்லை. சேமிக்காத வேலை போனது போனதுதான். "தம்பி, அது சொல்லிட்டு வர்றதில்ல, காலையில நல்லா இருக்கும், சாப்பிட்டு வந்து உட்கார்ந்தா ஆரம்பிச்சிடும்" என்றார் அக்கா. அந்த வரியை அப்படியே குறித்துக்கொண்டேன், ஏனென்றால் மெஷின் சூடான பிறகு வருகிற கோளாறா என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது.

விண்டோஸ் கோளாறுகளைப் பதிவு செய்து காட்டும் ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணில் வரிசையாகப் பதிவுகள்: டிஸ்ப்ளே டிரைவர் பதில் சொல்லவில்லை, மீட்டெடுக்கப்பட்டது என்று. இதைப் பார்த்தவுடனே எல்லோரும் டிரைவர்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தச் செய்தி உண்மையில் சொல்வது அவ்வளவு இல்லை. கிராஃபிக்ஸ் சிப்புக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு விண்டோஸ் வழக்கமாக 2 விநாடி காத்திருக்கும், பதில் வராவிட்டால் டிரைவரை நிறுத்தித் திரும்பத் தொடங்கும், 60 விநாடிக்குள் இது ஐந்து தடவைக்கு மேல் போனால் நீலத் திரையில் நின்றுவிடும். பதில் வராததற்கு டிரைவர் காரணமாக இருக்கலாம், சிப் காரணமாக இருக்கலாம், சிப்புக்குப் போகிற கரண்ட் காரணமாக இருக்கலாம். விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரிஜிஸ்ட்ரியில் அந்த 2 விநாடியை 8, 10 என்று கூட்டச் சொல்லிப் பல இடங்களில் அறிவுரை கிடைக்கும். நீண்ட நேரம் ஓடும் கணக்கு வேலைகளுக்கு அதற்கு ஒரு இடம் உண்டு, சாதாரணமாக 3டி வியூவைச் சுற்றும்போது நின்றுபோகிற மெஷினில் அதைச் செய்தால் கோளாறு மறைந்து நிற்கும், வாரண்டிக்குக் காட்டச் சான்றும் இருக்காது. நான் அதைத் தொடவில்லை.

டிரைவர் எங்கிருந்து வந்தது

இரண்டு மெஷினிலும் இருந்த டிரைவர்களை எடுத்து எழுதினேன். அண்ணனின் மெஷினில் கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த டிரைவரே இருந்தது. அக்காவின் மெஷினில் கார்டு டிரைவர் சிப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்த புத்தம்புதியது, போட்டது அண்ணனின் மருமகன், ஹேங் ஆகிறது என்றதும் உதவி செய்யத்தான் போட்டிருக்கிறார். ப்ராசசருக்குள் இருக்கிற இன்டெல் கிராஃபிக்ஸின் டிரைவரை விண்டோஸ் அப்டேட் தானாகவே மாற்றியிருந்தது. ஆக ஒரே மெஷினில் இரண்டு கிராஃபிக்ஸ், இரண்டு டிரைவர், இரண்டும் வெவ்வேறு காலத்தைச் சேர்ந்தவை.

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இந்த மாதிரி லேப்டாப்பில் பெரும்பாலும் உள் திரை இன்டெல் கிராஃபிக்ஸ் வழியாக ஓடும், கனமான 3டி வேலையை மட்டும் தனி கார்டு செய்து படத்தை இன்டெல் பக்கம் தள்ளிவிடும், வெளி மானிட்டர் போர்ட்டுகள் மாடலைப் பொறுத்து நேராகத் தனி கார்டிலேயே கோர்த்திருக்கும். அதனால் இரண்டு டிரைவரும் ஒரு ஜோடி. லேப்டாப் கம்பெனி தன் சப்போர்ட் பக்கத்தில் அந்த சர்வீஸ் டேகுக்கு (மெஷினின் தனி அடையாள எண்) என்று வைத்திருக்கும் டிரைவர் பழையதாகத் தெரியும், ஆனால் அந்த ஜோடியையும், அந்த மெஷினின் வாட் வரம்பையும், டாக்கையும், தூங்கி எழும் விதத்தையும் சேர்த்துப் பரிசோதித்தது அதுதான். டெல் பிரிசிஷன், எச்பி இசட்புக், திங்க்பேட் பி என்று எந்த வரிசையை எடுத்தாலும் டிரைவரும் பயாஸும் (மெஷின் ஆன் ஆகும்போதே ஓடும் அடிப்படை மென்பொருள்) சேர்த்து இறக்கிக் கொடுக்கும் கருவி கம்பெனியிடமே இருக்கிறது.

சிப் தயாரிப்பாளரின் தளத்துக்குப் போனால் அங்கேயும் ஒரு வகை இல்லை. என்விடியாவின் தொழில்முறை டிரைவரில் ப்ரொடக்‌ஷன் பிராஞ்ச் என்று ஒன்று, நியூ ஃபீச்சர் பிராஞ்ச் என்று ஒன்று. முதலாவது நீண்ட நாள் பிழைத்திருத்தமும் பாதுகாப்புத் திருத்தமும் வாங்கிக்கொண்டு ஓடுவது, இரண்டாவது புதிய வசதிகள் முதலில் வருவது, சீக்கிரமே அடுத்ததுக்கு இடம் கொடுத்துவிடும். ஏஎம்டி பக்கமும் தொழில்முறை கார்டுகளுக்கு ப்ரோ எடிஷன் என்று தனியாகத்தான் வருகிறது. மென்பொருள் கம்பெனிகள் வேறு சோதித்துப் பட்டியல் போடுகின்றன. சாலிட்வொர்க்ஸ்காரர்கள் கார்டு, டிரைவர் எண், தங்கள் பதிப்பு எண் மூன்றையும் பொருத்தியே காட்டுவார்கள். ஆட்டோகேடில் கிராஃபிக்ஸ்கான்ஃபிக் என்று அடித்தால் எந்தக் கார்டை, எந்த டிரைவரை அது பயன்படுத்துகிறது என்று அங்கேயே தெரியும், தனி கார்டை விட்டுவிட்டு இன்டெல்லில் ஓடுகிற மெஷின்களை இந்த ஒரு கட்டளையிலேயே நிறையப் பிடித்திருக்கிறேன்.

நான் எடுக்கிற வரிசை இது: முதலில் லேப்டாப் கம்பெனியின் டிரைவர், அது மென்பொருளின் பட்டியலுக்கு ஒத்துவராவிட்டால் மட்டும் ப்ரொடக்‌ஷன் பிராஞ்ச், நியூ ஃபீச்சர் பிராஞ்ச் சம்பளத்துக்கு வேலை செய்யும் மெஷினில் வேண்டவே வேண்டாம். கம்பெனி டிரைவரை முதலில் வைக்க இன்னொரு காரணமும் உண்டு. வாரண்டி ஹெல்ப்டெஸ்க் அதற்கு மட்டும்தான் பொறுப்பேற்கும். நாம் அதையே போட்டுக் கோளாறைக் காட்டினால் அவர்களுடைய முதல் கேள்விக்கு இடமே இல்லாமல் போய்விடும்.

இரண்டு மெஷினையும் ஒரே நிலைக்குக் கொண்டுவந்தோம். நெட்டைத் துண்டித்துவிட்டுத்தான் பழைய டிரைவரை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நாம் நீக்கிய இடைவெளியில் விண்டோஸ் அப்டேட் தன்னிடம் இருப்பதை இறக்கிவிடும். பயாஸை மாற்றும் முன் டிஸ்கை மறையாக்கிப் பூட்டும் பிட்லாக்கரை இடைநிறுத்த வேண்டும், 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எடுத்து வைத்துக்கொண்டு. அண்ணனின் மெஷினிலிருந்த நல்ல டிரைவர்களைப் பிஎன்பியூடில் கட்டளையால் ஒரு ஃபோல்டரில் எடுத்து வைத்தோம், விண்டோஸ் ப்ரோ என்பதால் குரூப் பாலிசியில் அப்டேட்டோடு டிரைவர் வராதபடி நிறுத்தினோம். இப்போது இரண்டிலும் ஒரே பயாஸ், ஒரே இன்டெல் டிரைவர், ஒரே கார்டு டிரைவர். அக்காவின் மெஷின் மறுநாள் மத்தியானமே ஹேங் ஆனது.

கரண்ட், டாக், டிஸ்க்

தென்னாப்பிரிக்காவில் மின்சாரத்தைச் சந்தேகப்படாமல் எந்த லேப்டாப் கேஸும் முடிவதில்லை. 2023-ல் லோட்ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது வாங்கிய இன்வர்ட்டர் இன்னும் அந்த அலுவலகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. நல்லவேளையாக அது சுவர் மின்சாரம் மாதிரியே சுத்தமான சைன் அலை கொடுக்கும் வகை. அப்புறம் டாக். யூஎஸ்பி-சி வழியாகக் கரண்ட் கொடுக்கும் முறையில் நெடுநாள் 100 வாட்தான் உச்சம், 240 வாட் வரை போகலாம் என்று 2021-ல்தான் வந்தது. அக்காவின் டாக் பழைய வகை, 230 வாட் கேட்கும் மெஷினுக்கு அது போதாது, அதை மட்டும் நம்பி ரெண்டர் (3டி மாடலைப் படமாக்கும் கனமான வேலை) ஓட்டினால் கார்டு வேகம் குறையும், சார்ஜ் ஏறுகிறது என்று காட்டிக்கொண்டே பேட்டரி இறங்கும். அதனால் டாக்கைக் கழற்றி, அடாப்டரை நேராகச் சுவரில் செருகி, அப்புறம் அண்ணனின் அடாப்டரோடு மாற்றிச் செருகி, இரண்டு விதமாகவும் பார்த்தோம். ஹேங் மாறவில்லை. டாக் விஷயம் தனியாகச் சரிசெய்ய வேண்டியதுதான், இந்தக் கோளாறு அதனால் இல்லை.

அடுத்துச் செய்ததுதான் இந்தக் கேஸையே தீர்த்தது, ஒரே மாடல் இரண்டு வைத்திருப்பவர்கள் எல்லோரும் செய்யலாம். இரண்டு மெஷினின் எஸ்எஸ்டியையும், அதாவது டிஸ்கையும், கழற்றி ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டோம். டிஸ்கோடு விண்டோஸ் போகிறது, டிரைவர் போகிறது, ரெவிட் போகிறது, யூசர் அமைப்புகள் எல்லாம் போகின்றன. கோளாறு டிஸ்கோடு போனால் மென்பொருள், மெஷினின் உடம்போடு நின்றால் ஹார்டுவேர். இந்த வகை பிசினஸ் மெஷின்களில் எஸ்எஸ்டியையும் மெமரியையும் வாங்கியவரே மாற்றலாம் என்று கம்பெனியின் சர்வீஸ் மேனுவலே படம் போட்டுக் காட்டுகிறது, ஆனாலும் உங்கள் மாடலுக்கு அப்படி இருக்கிறதா என்று அந்த மேனுவலைப் பார்த்துவிட்டு ஸ்க்ரூவில் கை வையுங்கள். ஆன் செய்ததும் இரண்டும் பிட்லாக்கர் சாவி கேட்டன, கையில் காகிதம் இருந்தது. அக்காவின் டிஸ்க் அண்ணனின் உடம்பில் நாள் முழுக்க ரெண்டர் ஓடியது. அண்ணனின் டிஸ்க் அக்காவின் உடம்பில் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு கருப்பானது. மெமரியையும் மாற்றிப் பார்த்தோம், அதே முடிவு. இப்போதைய லேப்டாப்புகளில் கிராஃபிக்ஸ் சிப் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பற்றவைத்திருக்கும், ஆக மாற்ற வேண்டியது போர்டு முழுவதும்.

ஹெல்ப்டெஸ்க்கும் கடையும்

எதிர்பார்த்தபடியே முதல் பதில், டயக்னாஸ்டிக் ஓட்டுங்கள் என்பது. ஓட்டினோம், எல்லாம் பாஸ். ஆன் செய்யும்போது ஓடும் அந்தச் சோதனை கார்டை மணிக்கணக்கில் சூடாக்கிப் பார்ப்பதில்லை, அதனால் இந்த வகைக் கோளாறில் பாஸ் ஆவது பெரிய விஷயம் இல்லை. அடுத்த பதில், விண்டோஸைத் திரும்பப் போடுங்கள். அதற்கு ஒரே ஒரு மெயில் அனுப்பினோம்: இரண்டு மெஷினின் சர்வீஸ் டேக், பயாஸ் எண், உங்கள் தளத்திலிருந்து எடுத்த டிரைவர் எண்கள், டிஸ்க் மாற்றிப் பார்த்த முடிவு, 4101 பதிவுகளின் ஏற்றுமதி, கருப்பாகும்போது போனில் எடுத்த சின்ன வீடியோ. நன்றாக ஓடும் விண்டோஸே அந்த உடம்பில் ஹேங் ஆகிறது என்ற பிறகு திரும்பப் போடச் சொல்ல என்ன இருக்கிறது? டிக்கெட் போர்டு மாற்றத்துக்குப் போனது.

அதே நாளில் கடைக்கும் ஒரு மெயில் போட வைத்தேன். அண்ணனுக்கு அதில் இஷ்டமில்லை. "கம்பெனிக்காரன் செஞ்சு தர்றேன்னு சொல்லிட்டான், கடைக்காரனை ஏன் தம்பி இழுக்கணும்" என்றார். காரணம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008-ம் வருஷத்து 68-வது சட்டம், 56-வது பிரிவில் பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் ரிப்பேரா, மாற்றுப் பொருளா, பணமா என்று கேட்கும் உரிமையை வாங்கியவரிடம் கொடுக்கிறது, திருப்பி அனுப்பும் செலவும் விற்றவருடையது. தயாரித்தவர், இறக்குமதி செய்தவர், விநியோகித்தவர், கடைக்காரர் நான்கு பேருமே இதற்குப் பொறுப்பு, "கம்பெனியைப் போய்ப் பாருங்கள்" என்று கடை கைகழுவ முடியாது. கம்பெனி தரும் மூன்று வருஷ வாரண்டி இதற்கு மேலே கூடுதலாக வருவது, இதற்குப் பதிலாக வருவது இல்லை. அந்த ஆறு மாதக் கெடு ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பிரிவின்கீழ் குறையைத் தெரிவிக்கிறோம், ரிப்பேரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று கடைக்கு எழுத்தில் போயாக வேண்டும், அவ்வளவுதான்.

சொந்தப் பெயரில் தொழில் என்று மேலே சொன்னது இங்கே வருகிறது. சொத்து மதிப்போ வருஷ விற்றுமுதலோ 20 லட்சம் ரேண்டை எட்டிய கம்பெனிகள், கூட்டாண்மைகள், டிரஸ்டுகளுக்கு இந்தச் சட்டம் கைகொடுக்காது. தனி மனிதராகத் தொழில் செய்பவருக்கு அந்த வரம்பு இல்லை. கம்பெனி பெயரில் லேப்டாப் வாங்கும் அலுவலகங்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, வாங்கும்போதே நல்ல ஆன்சைட் வாரண்டியாகப் பார்த்து எடுப்பது நல்லது.

போர்டு ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வந்தது. அடுத்த வேலைநாள் சர்வீஸ் என்று எழுதியிருந்தாலும், கோளாறு இன்னது என்று அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்தக் கணக்கு தொடங்குகிறது, பார்ட் ரோடு வழியாக வர வேண்டும். 2024 செப்டம்பரில் பனி கொட்டி வான் ரீனன் கணவாயில் ஜோஹன்னஸ்பர்க்-டர்பன் என்-3 சாலை அடைபட்டதை டர்பன்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டெக்னீஷியன் நல்ல பையன், அலுவலகத்திலேயே உட்கார்ந்து மாற்றினார். புதுப் போர்டில் சர்வீஸ் டேகை எழுதினாரா என்று அவர் கிளம்பும் முன் பயாஸில் பார்த்துவிட வேண்டும். அது விட்டுப்போனால் கம்பெனியின் டிரைவர் கருவிக்கும் வாரண்டிப் பக்கத்துக்கும் அது யாருடைய மெஷின் என்றே தெரியாது. சாவியைக் காக்கும் டிபிஎம் சிப் போர்டோடு மாறிவிடுவதால் பிட்லாக்கர் மறுபடியும் சாவி கேட்கும். மாற்றிய போர்டின் பயாஸ் பழையதாக இருந்தது, நம் குறிப்பேட்டில் உள்ள எண்ணுக்கு அதைக் கொண்டுவந்தோம்.

ஹேங் நின்றது. இரண்டாவது மாதத்தில் வேறு விதமாக வந்தது: கருப்பாவதில்லை, ரெண்டர் ஓடினால் எல்லாமே ஊர்ந்தது, ஃபேன் ஓயவே இல்லை. இரண்டு மெஷினையும் ஒரே மேஜையில் வைத்து, ஒரே ரெண்டரை ஓட்டி, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் வெப்பநிலையைப் பதிவு செய்தோம். அக்காவின் மெஷினில் கிராஃபிக்ஸ் சிப் அண்ணனுடையதைவிட பதினைந்து டிகிரிக்கும் மேலே நின்றது, கொஞ்ச நேரத்திலேயே வேகம் சரிந்தது. டிரைவர் இரண்டிலும் அதே எண், அதே பயாஸ். போர்டு மாற்றும்போது சிப்பின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை, இல்லையென்றால் இடையில் வைக்கும் பழைய தெர்மல் பேடையே திரும்பப் போட்டிருக்க வேண்டும். எது என்று திறந்து பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது, அது அவர்கள் செய்த வேலை.

அதே 56-வது பிரிவு இங்கே இன்னும் ஒரு படி மேலே போகிறது: ரிப்பேர் செய்த மூன்று மாதத்துக்குள் குறை தீரவில்லை என்றாலோ வேறு குறை வந்தாலோ பொருளை மாற்ற வேண்டும் அல்லது பணத்தைத் தர வேண்டும், இன்னொரு தடவை ரிப்பேர் என்ற பேச்சு அதில் இல்லை. 57-வது பிரிவு, மாட்டுகிற பார்ட் புதியதோ புதுப்பித்ததோ, அதற்கும் வேலைக்கும் குறைந்தது மூன்று மாதப் பொறுப்பு வைக்கிறது. கடை முதலில் ஹெல்ப்டெஸ்க் எண்ணைத்தான் கொடுத்தது. முதல் நாள் போட்ட மெயிலையும், ரிப்பேர் ரசீதின் தேதியையும், இரண்டு மெஷினின் வெப்பநிலைப் பதிவையும் வைத்து அண்ணனே பதில் எழுதினார், தீராவிட்டால் நுகர்வோர் பொருள் சேவை ஆம்பட்ஸ்மனிடம் (புகார் தீர்க்கும் அமைப்பு) போவோம் என்று ஒரு வரி சேர்த்து. மாற்று மெஷின் தருகிறோம் என்று பதில் வந்தது.

பழைய மெஷினை டிஸ்கோடு கேட்டார்கள். அதில் வாடிக்கையாளர்களின் அடையாள அட்டை நகல்கள், வீட்டு முகவரிகள், வரைபடங்கள் எல்லாம் இருக்கின்றன. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவின்படி அவற்றுக்குப் பொறுப்பு அண்ணன்தான். அதனால் நகல் எடுத்துச் சரிபார்த்த பிறகு பயாஸில் உள்ள வசதியாலேயே டிஸ்கை முழுதாக அழித்து, அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு கொடுத்தோம். வாங்கும்போதே டிஸ்கை நம்மிடமே வைத்துக்கொள்ளும் வாரண்டிச் சேர்க்கை கிடைத்தால் அதற்குக் கூடக் கொடுப்பது வீணில்லை, வாடிக்கையாளர் தகவல் வைத்திருக்கிற எந்த அலுவலகத்துக்கும் அதைத்தான் சொல்லுவேன்.

வந்த மெஷின் அடுத்த வருஷத்து மாடல், கார்டும் அடுத்த தலைமுறை. நாம் பூட்டி வைத்திருந்த டிரைவருக்கு அந்தக் கார்டு இருப்பதே தெரியாது. "ரெண்டையும் ஒரே டிரைவர்ல வைக்க முடியாதா தம்பி?" என்று அண்ணன் கேட்டார். முடியும், இரண்டு கார்டையும் தாங்குகிற புதிய ப்ரொடக்‌ஷன் பிராஞ்ச் இருக்கிறது. ஆனால் அவருடைய மெஷின் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது, சமச்சீராக இருக்க வேண்டும் என்பதற்காக அதில் கை வைப்பது சரியில்லை என்று சொன்னேன், அவரும் ஒத்துக்கொண்டார். அக்காவின் புது மெஷினில் கம்பெனி டிரைவரைப் போட்டு, அவருடைய கனமான கோப்புகள் சிலவற்றை டாக் இல்லாமலும் புது டாக்கோடும் ஓட்டிப் பார்த்த பிறகு அப்டேட்டை நிறுத்தினோம்.

டிரைவரைப் பூட்டி வைப்பதற்கு ஒரு விலை உண்டு, கிராஃபிக்ஸ் டிரைவரிலும் பாதுகாப்பு ஓட்டைகள் வருகின்றன, சிப் தயாரிப்பாளர்கள் அதற்கு அறிவிப்பு வெளியிடுகிறார்கள். அதனால் காலாண்டுக்கு ஒரு தடவை அந்த அறிவிப்பையும் லேப்டாப் கம்பெனியின் பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கிறோம். நம் பிராஞ்சுக்குத் திருத்தம் வந்திருந்தால் முதலில் அண்ணனின் மெஷினில் ஒரு வாரம், அப்புறம் அக்காவுடையதில். ரெவிட்டின் அடுத்த பதிப்புக்குப் போகும்போது இரண்டுக்கும் பட்டியலை மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும், அந்த வேலையை டெண்டர் எதுவும் இல்லாத டிசம்பர் விடுமுறைக்குத் தள்ளி வைத்திருக்கிறோம்.